பெயர் மாற்றாத பட்டா

நிலம் வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பணத்தை எண்ணிக் கொடுத்துப் பத்திரத்தையும் பதிவு செய்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. பட்டாவில் பெயர் மாறவேண்டும். அது மாறாதவரையில் உழுகிறவர் ஒருவர், சர்க்கார் கணக்கில் சொந்தக்காரர் இன்னொருவர். மண்ணிலே குறை இல்லை. வாங்கியவரிடத்திலும் குறை இல்லை. குறையெல்லாம் காகிதத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்துக்குள்ளும் இந்த வழக்கு உண்டு. அதன் வயிற்றுக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பலகை இருக்கிறது. திரையில் நாம் காணும் சித்திரத்தைத் தயாரித்து அனுப்புவது அதன் வேலை. லினக்ஸ் என்னும் மென்பொருளில் ஓடும் கம்ப்யூட்டரில் பழைய கார்டு பழுதாகி, புதியதை மாட்டினால், சில சமயம் ஒரு விபரீதம் நேர்கிறது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் பருமனுக்கு ஊதிப்போய், ஓரம் மங்கி நிற்கிறது. 1920க்கு 1080 என்ற கணக்கில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகளைக் காட்டவல்ல திரை, 1024க்கு 768 என்று எட்டு லட்சம் புள்ளிகூட இல்லாத சித்திரத்தை இழுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு விழிக்கிறது.

பட்டாவை நான் உதாரணம் காட்டியதற்குக் காரணம் உண்டு. இந்த வழக்கை நான் நேரில் கண்ட இடம் தர்மபுரி. அந்தச் சீமைக்கும் பட்டாவுக்கும் பழைய உறவு. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பிரதேசம் கும்பெனியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி அதை நிர்வகிக்க நியமிக்கப்பட்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை பாராமகாலில் வேலை பார்த்த மன்றோ, தர்மபுரியில் தங்கியிருந்தார். வயல் வயலாக அளந்து, உழுகிறவனோடு நேரிலே தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. வரி வசூலுக்காகச் செய்த வேலைதான், தர்மத்துக்காக அல்ல. ஆனாலும் ஒரு நிலத்தைப் பற்றிய விவரம் அந்த நிலத்தின் பெயரிலேயே எழுதப்படவேண்டும் என்ற நியாயம் அதிலே இருந்தது.

கம்ப்யூட்டர் உலகில் அந்த நியாயம் வருவதற்குச் சில காலம் பிடித்தது. 1987இல் ஐ.பி.எம். கம்பெனி வி.ஜி.ஏ. என்னும் முறையைக் கொண்டுவந்தது. 640க்கு 480 புள்ளிகள், பதினாறு நிறங்கள். அதுவே எல்லாக் கார்டும் எல்லாத் திரையும் ஒப்புக்கொண்ட பொதுப் பாஷை ஆயிற்று. பிறகு கம்பெனிக்குக் கம்பெனி கார்டுகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஷை. அந்தப் பாஷையைக் கம்ப்யூட்டருக்குப் பெயர்த்துச் சொல்லும் துபாஷிக்கு டிரைவர் என்று பெயர். காரோட்டுகிறவர் என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம்!

1991இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அந்த ஆரம்ப வருஷங்களில் திரையில் படம் வரவழைப்பது ஒரு தபசு. திரையோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள அதிர்வு எண்களை ஒரு கோப்பிலே கையால் எழுதவேண்டும். கணக்குத் தப்பினால் பழைய கண்ணாடிக் குழாய்த் திரை கெட்டுப்போனாலும் போகலாம் என்ற எச்சரிக்கை வேறு.

இந்தச் சங்கடம் தீர 1994இல் ஒரு வழி பிறந்தது. திரைகளுக்கான பொது விதிகளை வகுக்கும் வெசா என்ற சங்கம் அந்த வருஷம் எடிட் என்னும் ஏற்பாட்டை வெளியிட்டது. ஒவ்வொரு திரைக்குள்ளும் 128 பைட் அளவுள்ள சிறு குறிப்பு ஒன்று இருக்கும். "என்னைச் செய்தவர் இன்னார், என் அளவு இவ்வளவு, எனக்கு உகந்த புள்ளிக் கணக்கு இது" என்று கம்பி வழியாகவே அது சொல்லிவிடும். திரை தன் பட்டாவைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டது என்று சொல்லலாம்.

பட்டா இருந்து என்ன? அதை வாங்கிப் படிக்கக் கர்ணம் வேண்டாமா? அந்தக் கர்ணம்தான் டிரைவர். கார்டு செய்யும் கம்பெனிகளோ அதன் உட்பாஷையை ரகசியமாக வைத்துக்கொண்டன. என்விடியா கம்பெனியின் கார்டுகளை விடாமல் சோதித்து, அவற்றின் பாஷையை ஊகித்தே நூவோ என்ற டிரைவரைத் தன்னார்வக்காரர்கள் எழுதினார்கள். 2010இல் அது லினக்ஸின் மையத்திலே சேர்ந்தது. 2007இல் ஏ.எம்.டி. கம்பெனி தன் கார்டுகளின் விவரங்களை வெளியிட முன்வந்தது. 2012இல் பின்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில் டோர்வால்ட்ஸ் என்விடியாவை, அச்சிலே போட முடியாத வார்த்தையால் வைதார். 2022இல் அந்தக் கம்பெனியும் தன் டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. இதற்கிடையில் 2009இலிருந்து, திரையின் அளவை நிர்ணயிக்கும் பொறுப்பை லினக்ஸின் மையமே படிப்படியாக ஏற்றுக்கொண்டது.

டிரைவர் கிடைக்காதபோது லினக்ஸ் என்ன செய்கிறது? கையை விரித்துவிடுவதில்லை. யந்திரம் விழிக்கும்போதே ஏற்பட்ட ஏதோ ஒரு பொது அளவை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. பாஷை தெரியாத ஊரில் கையையும் தலையையும் ஆட்டிச் சோறு வாங்கிச் சாப்பிடுவதுபோல. ஊதிப்போன எழுத்து அந்தச் சைகைப் பாஷைதான். அது நோயல்ல, பட்டினி கிடக்காமல் இருப்பதற்கு ஓர் உபாயம்.

இது தெரியாமல் தவித்தவர் தர்மபுரியில் என் நண்பர் ஒருவர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட வினாத்தாள் ஆகியவற்றை அச்சுக்கோத்துக் கொடுக்கும் சின்னக் கடை. முகூர்த்த மாதத்தில் கார்டு எரிந்துபோயிற்று. வேறொரு கம்பெனியின் கார்டை வாங்கி மாட்டினார். பத்திரிகையின் பாதிதான் திரையில் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெயர் இருக்கும்போது பெண் வீட்டார் பெயர் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், "திரை போச்சு சார், பெட்டியையும் சேர்த்துப் புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பதாயிரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்று நண்பர் யோசிக்கும்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

காப்பாற்றியது நானல்ல, அவருடைய மகள். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் அவற்றில் சேர்த்துக் கொடுத்தார்கள். அண்ணனுக்கு வந்த அந்த மடிக்கணினியில் கை பழகியவள் அவள். 'எக்ஸ்ரேண்டர்' என்று ஒரு கட்டளை தட்டினாள். ஒரே ஓர் அளவுதான் வந்தது. "திரை நல்லாத்தான் இருக்குப்பா. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை" என்றாள்.

பிறகு யந்திரம் விழிக்கும்போது அதன் காதில் ஓதப்படும் கட்டளை வரியை எடுத்துப் பார்த்தாள். 'கிரப்' என்ற தொடக்க நிரலின் கோப்பில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல் இருந்தது. "திரையின் அளவில் நீ தலையிடாதே" என்று லினக்ஸுக்கு இட்ட உத்தரவு அது. எரிந்துபோன கார்டு முரண்டு பிடித்த காலத்தில், அதைச் சமாளிக்க யாரோ எழுதி வைத்தது. கார்டு போய்விட்டது, அதற்கு இட்ட உத்தரவு போகவில்லை. புதிய கார்டுக்கு உரிய டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே தயாராக இருந்தும், வாயைத் திறக்க அதற்கு அனுமதி இல்லை.

அவள் அந்த ஒரு சொல்லை எடுத்தாள். 'அப்டேட்-கிரப்' என்று தட்டி, மாற்றத்தைப் பதிவு செய்தாள். யந்திரத்தை அணைத்து ஏற்றினாள். டிரைவர் திரையைக் கேட்டது. திரை தன் குறிப்பை நீட்டியது. 1920க்கு 1080 வந்தது. இரண்டு வீட்டார் பெயரும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. செலவு ஒரு பைசா இல்லை.

மெக்கானிக்கை நான் குறை சொல்லமாட்டேன். பழைய உத்தரவு ஒன்று உள்ளே உயிரோடு இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் அந்த உத்தரவு எழுதியிருந்த கோப்பு, யாரும் திறந்து படிக்கக்கூடிய கோப்பு. டிரைவரும் அப்படியே; அதன் பாஷையை யாரோ வாதாடியும் ஊகித்தும் வெளியே கொண்டுவந்திருந்தார்கள். பூட்டி வைத்த யந்திரமாக இருந்திருந்தால், அந்தப் பெண் எத்தனை கெட்டிக்காரியாக இருந்தும் பயன் இல்லை; நண்பர் முப்பதாயிரம் கடன் வாங்கியிருப்பார். நல்ல திரை ஒன்று குப்பைக்குப் போயிருக்கும். ரயத்து தன் கணக்கைத் தானே பார்க்கலாம் என்ற உரிமைக்கு இவ்வளவுதான் விலை, இவ்வளவுதான் லாபம். ஒரு சின்னக் கடைக்கு அது கொஞ்சமல்ல.