"தொடாதே" என்ற பலகைக்கு முன்னும் பின்னும்



மாணவர்களை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும்போது, பேருந்திலிருந்து இறங்கும் முன்பே நாம் இடும் முதல் கட்டளை, "எதையும் தொடக் கூடாது" என்பதுதான். பார்வையுள்ள பிள்ளைக்கு அதனால் பெரிய இழப்பில்லை. பார்வையற்ற பிள்ளைக்கோ அங்கே எஞ்சுவது வழுவழுப்பான கண்ணாடிப் பேழையும் பிறர் சொல்லும் விளக்கமும் மட்டுமே.

இத்தடை தொன்றுதொட்டு வந்தது என்று பலரும் எண்ணுகிறோம். வரலாறு வேறு கூறுகிறது. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-இல் திறக்கப்பட்டது. அங்கு வருவோர் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கிறார்களே என்று 1710-இல் சென்ற உஃபென்பாக் என்னும் செருமானியப் பயணி சலித்துக்கொண்டார். 1786-இல் இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைக் கண்ட எழுத்தாளர் சோஃபி வான் லா ரோஷ், பழம்பொருள்களைத் தம் கையால் தொட்டு உணர்ந்ததை நெகிழ்ச்சியுடன் பதிவு செய்துள்ளார். ஆக, அன்று தொடுதல் என்பது காண்பதன் ஒரு பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் பொதுமக்கள் திரளாக வரத் தொடங்கிய பிறகே கண்ணாடியும் கயிறும் பலகையும் பெருகின. ஆயிரக்கணக்கான கைகள் படிந்தால் பொருள் தேயும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் அந்த விதி வகுக்கப்பட்டபோது பார்வையற்றோரை எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அவர்களை நினைத்த ஒருவர், வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரத்து அருங்காட்சியகக் காப்பாளர் சார்ல்டன் டீஸ். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நகரின் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளை அவர் அழைத்தார். பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் அவர்கள் கையில் ஒப்படைத்தார். பின்னர் பெரியவர்களுக்கும் இவ்வாய்ப்பை விரிவுபடுத்தினார். தம் பட்டறிவை 1913-இல் அருங்காட்சியகத் துறை இதழொன்றில் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அப்பிள்ளைகள் விலங்குகளைத் தடவிப் பார்க்கும் ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. புத்தகத்தில் படித்த "சிங்கம்" என்ற சொல்லுக்கு முதன்முறையாக ஓர் உருவம் கிடைப்பது எத்தகைய கல்வி என்பதை ஆசிரியர்களாகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கண் முழுமையை முதலில் பற்றிக்கொண்டு பிறகு உறுப்புகளுக்குச் செல்கிறது. விரலோ உறுப்பிலிருந்து முழுமையைக் கட்டி எழுப்புகிறது. அதற்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது பொருள்களைக் காட்டிவிட்டு வருவது நம் சுற்றுலா வழக்கம். பார்வையற்ற மாணவருக்கு ஐந்தே பொருள்கள் போதும். (பார்வையுள்ளோருக்கும் அதுவே போதும் என்பது என் எண்ணம்.) மிகப் பெரியவற்றைக் கை அளக்க இயலாது, அவற்றுக்குச் சிறிய மாதிரிகள் தேவை.

இத்தாலியின் அங்கோனா நகரிலுள்ள ஓமெரோ அருங்காட்சியகம் இவ்வழியில்தான் அமைந்தது. ஆல்தோ கிராசீனி, தனியேலா பொத்தகோனி என்னும் பார்வையற்ற தம்பதியர் உலகெங்கும் பயணம் செய்தவர்கள். சென்ற அருங்காட்சியகங்களில் எல்லாம் தொடத் தடை இருந்ததால், தொடுவதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முனைந்தார்கள். அது 1993-இல் திறக்கப்பட்டது. 1999-இல் இத்தாலிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதனை அரசு அருங்காட்சியகமாக ஏற்றது. பார்த்தினான் கோயில் போன்ற கட்டடங்களின் மாதிரிகளும், புகழ்பெற்ற சிலைகளின் படிகளும், இக்காலச் சிற்பிகளின் மூலப் படைப்புகளும் அங்கே உள்ளன. பார்வையுள்ளோரும் தாராளமாகத் தொடலாம். பார்வையற்றவர் என மரபு போற்றும் கிரேக்கக் கவி ஹோமரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கை 2006-இல் உருவானது. அதன் 30-ஆம் பிரிவு நாடகக் கூடங்கள், நூலகங்களோடு அருங்காட்சியகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மலேசியா 2010-இல் அதனை ஏற்புறுதி செய்தது. அப்போதே, 30-ஆம் பிரிவு கூறும் உரிமையை ஏற்பது உள்நாட்டுச் சட்டத்தைச் சார்ந்தது என்ற விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. அந்த உள்நாட்டுச் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டது. பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமை அதில் உண்டு. மீறுவோர்க்குத் தண்டனைதான் வகுக்கப்படவில்லை.

ஆகவே, அடுத்த பயணத்திற்கு அனுமதிக் கடிதம் எழுதும்போது, மாணவர் எண்ணிக்கையோடு இன்னொரு வரியையும் சேர்த்து எழுதலாம்: கையால் தொட்டுப் பார்க்க எந்தெந்தப் பொருள்களுக்கு அனுமதி உண்டு?