பக்கத்து வீட்டு ஆட்டைக் கடித்த வளர்ப்பு நாய்.. தூங்க விடாத குற்ற உணர்ச்சி! மீள்வது எப்படி?

காலையில் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த நாய், மதியம் கேட்டைத் தாண்டி ஓடி பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் கழுத்தைக் கவ்வியிருக்கும். பிடித்து இழுத்துப் பிரிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அந்த இரண்டு நிமிடம், நாயை வளர்ப்பவர் மனதில் பல வாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ‘கேட்டை ஒழுங்கா பூட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?’, ‘நான் வளர்த்தது கொலைகார நாயா?’ என்ற கேள்விகள் தூங்க விடாது.

நாய் மனிதரைக் கடித்தால் என்ன செய்வது என்று நிறைய பேசியாச்சு. ஆடு, கோழி, பூனை என இன்னொரு உயிரைக் கடித்துவிட்டால்?

முதலில் கடிபட்ட உயிரைப் பாருங்க

குற்ற உணர்ச்சி எல்லாம் அப்புறம். நாய் கவ்விப் பிடித்து உலுக்கும்போது வெளியே தோலில் நாலு சின்ன ஓட்டைதான் தெரியும். உள்ளே தசை கிழிந்து, விலா எலும்பு உடைந்து, நுரையீரல் வரை பாதித்திருக்கலாம். ‘எழுந்து நடக்குதே, ஒண்ணும் ஆகல’ என்று விட்டுவிடக் கூடாது. கோழி, முயல் போன்றவை அதிர்ச்சியிலேயே சில மணி நேரம் கழித்து இறந்துபோவதும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு காயத்தை சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும்.

உங்கள் நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்ட அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். ஊசி போடவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடிபட்ட ஆட்டுக்கோ மாட்டுக்கோ ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வது அதை வைத்துத்தான். பிரிக்கப் போன உங்கள் கையிலும் பல் பட்டிருந்தால் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்தது நம்ம நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

நாய் ஏன் அப்படிச் செய்தது?

கோபத்தில் இல்லை. நாயின் வேட்டை நடத்தையை விலங்கியல் ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியாகச் சொல்கிறார்கள். உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கடித்துக் கொல்வது என்று அது போகும். மனிதன் தன் தேவைக்கு ஏற்ப இந்தச் சங்கிலியில் சில கண்ணிகளை வலுவாக்கி, சிலவற்றை மங்க வைத்து நாய் இனங்களை உருவாக்கினான். மந்தை மேய்க்கும் இனங்கள் துரத்துவதோடு நிற்பது அதனால்தான். நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. ஓடும் எதையும் துரத்தச் சொல்லி உடம்பே சொல்லும். அந்த நாயை சென்னையில் இரண்டாவது மாடி வீட்டில் அடைத்து வைத்தாலும் அது மாறாது.

கோழி படபடவென்று சிறகடித்து ஓடுவதும், ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டு ஓடுவதும் அந்தச் சங்கிலியைத் தட்டி எழுப்பிவிடுகிறது. வீட்டில் குழந்தையிடம் குழைவதும் அதே நாய்தான். இரண்டில் எதுவும் நடிப்பில்லை.

‘தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது’.. உண்மையா?

காதை மடக்கி, வாலை இடுக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்ளும் நாயைப் பார்த்து பலரும் சொல்லும் வார்த்தை இது. நியூயார்க்கில் உள்ள பர்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வந்தது, அவ்வளவுதான். எதுவுமே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அப்படித்தான் நின்றது.

அதனால், சம்பவம் முடிந்து கால் மணி நேரம் கழித்து கட்டி வைத்து அடிப்பதில் எந்தப் பயனும் இல்லை. எதற்கு அடி என்றே நாய்க்குப் புரியாது. உங்களைப் பார்த்து பயப்பட மட்டும் பழகும். ரத்தம் படிந்த வாயைப் பார்த்து ஆத்திரத்தில் கீரியைக் கொன்ற தாய் கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பெண் சிலப்பதிகாரத்திலும் வருகிறாள். ‘செய்தது பாவம், ஒழி’ என்று கோவலன் அவளைத் தள்ளவில்லை. அவள் பாவம் தீர தானம் செய்து, பிரிந்துபோன கணவனோடு சேர்த்து வைக்கிறான்.

பரிகாரம் என்றால் என்ன?

இன்றைக்கு அது பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. ஆனால் மனபாரம் குறைவதும் இங்கேதான். அவர்கள் வந்து சத்தம் போடும் வரை காத்திருக்காமல் நீங்களே போங்கள். ‘உங்க ஆட்டை நீங்க கட்டி வச்சிருக்கணும்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நஷ்ட ஈடு பேசும்போது கறி விலை கணக்கு போடாதீர்கள். சினை ஆடு என்றால் வயிற்றில் இருக்கும் குட்டிகளும் கணக்கு. பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் அவற்றை வளர்க்கும் செலவும் சேரும். இரண்டு ஆடு வைத்து பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் வீட்டுக்கு ஒரு ஆடு என்பது ஒரு ஆடு மட்டும் இல்லை. தொகையில் தகராறு வந்தால் அரசு கால்நடை மருத்துவரிடம் மதிப்பு கேட்கலாம். கடிபட்டது மயில், மான் போன்ற வன உயிர் என்றால் நீங்களே புதைக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

இரண்டுமே நம்ம வீட்டு உயிர் என்றால்?

மிகவும் வலிப்பது இதுதான். நாய் கொன்றது நீங்கள் பாலூட்டி வளர்த்த பூனைக்குட்டியை. அழுவதா, அதே கையால் நாய்க்குச் சோறு வைப்பதா? பலருக்கு நாயின் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. ‘இப்படி நினைக்கிறோமே’ என்று அதற்கும் சேர்த்து ஒரு குற்ற உணர்ச்சி வரும்.

உடனே பழையபடி கொஞ்ச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சில நாள் வீட்டில் வேறு யாராவது சோறு வைக்கட்டும், வாக்கிங் கூட்டிப் போகட்டும். சோறும் தண்ணீரும் மட்டும் நிற்கக் கூடாது. பூனையை அடக்கம் செய்து அழுவதைச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். குழந்தைகள் பார்த்திருந்தால் ‘பூனை ஊருக்குப் போயிடுச்சு’ என்று பொய் சொல்லாதீர்கள். நடந்ததைச் சின்ன வார்த்தையில் சொல்லி, நாய் இருக்கும் இடத்தில் இனி என்ன கவனமாக இருக்கப் போகிறோம் என்பதையும் சொல்லுங்கள்.

‘ரத்த ருசி பார்த்த நாய்’ மனுஷனைக் கடிக்குமா?

கோழியைப் பிடித்ததால் மட்டும் நாய் மனிதர் மீது பாயும் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு நடத்தை. ஆனால் துரத்திப் பிடிப்பதே நாய்க்குப் பெரிய பரிசு என்பதால், வாய்ப்பு கிடைத்தால் மறுபடியும் கோழியைப் பிடிக்கும். ‘இனிமே செய்யாது’ என்று நம்பி விடாதீர்கள். கேட் உயரத்தைக் கூட்டுங்கள், வெளியே போனால் கயிறு, தேவைப்பட்டால் மூச்சு வாங்க இடம் விடும் கூடை மாதிரியான வாய்மூடி. நாள் முழுக்க சங்கிலியில் கட்டிப் போடுவது தீர்வாகாது, அவிழ்த்த நிமிடம் இன்னும் வேகமாக ஓடும்.

ஊர் வாயை அடைக்க நாயை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்குகள் வதை தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த நாய் இன்னொரு ஊரில் இன்னொருவர் ஆட்டைத்தான் துரத்தும். உங்களால் முடியவில்லை என்றால், நடந்ததை மறைக்காமல் சொல்லி, கோழி, ஆடு இல்லாத வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

சில வாரம் ஆகியும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால், ‘ஒரு கோழிக்காகவா?’ என்று யாராவது கேட்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.