நீருக்கு வழிவிட்ட நகரம்

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அரசர்களையும் ஆலயங்களையும் கொண்டு எழுதுவது வழக்கமாயினும், திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் பொறுத்தவரை, ஜலம் எவ்வழியே வந்தது, எவ்வழியே போக விடப்பட்டது என்பதைக் கொண்டே அதன் பெரும்பகுதியை எழுதிவிடலாம்.

முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம் தாழ்ந்த படுகையுடையதாதலால், நீர் அதனுள் இறங்கிவிட, காவிரி மணல்மேடிட்டு வந்தது. இதற்குப் பரிகாரமாக 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையை நிர்மாணித்தார். இவ்விரு பிரவாகங்களுக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்துக்கோ வெள்ளம் என்பது நித்திய விசாரம். கூரநாராயண ஜீயர் என்னும் துறவியின் காலத்தில் காவிரியின் போக்கைத் தெற்கே திருப்பி ஸ்ரீரங்கம் கோயிலைக் காத்ததையும் ஒரு கைங்கரியமாகவே, அக்கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு பேசுகிறது.

ஏழு பிராகாரங்களோடு 156 ஏக்கர் பரந்த அக்கோயிலில் விழும் மழைநீர் வெளியேறுவதற்கு முன்னோர் வடிகால்களை வகுத்திருந்தனர். பிற்காலத்தில் அவை தூர்ந்தும் அடைபட்டும் போக, மழைக்காலத்தில் உள்ளே நீர் தேங்கலாயிற்று. 2015-ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்தையொட்டி நடந்த திருப்பணியில், புதிதாக ஒன்றைத் திணிக்காமல், பழைய வடிகால்களையும் மழைநீர்ச் சேகர முறையையும் மீட்டெடுத்தார்கள். அத்திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது.

காவிரியின் தென்கரையிலும் இதே விவேகத்தைக் காண்கிறோம். பேட்டவாய்த்தலையருகே காவிரியினின்று பிரிந்து நகருக்குள் ஓடிவரும் உய்யக்கொண்டான் வாய்க்காலைச் சோழர் காலத்ததென்று சொல்லுவர். மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் அதன் பாதையில், தெற்கு மேட்டுநிலத்து மழையைச் சுமந்து வரும் கோரையாறு குறுக்கிடுகிறது. பாசன நீர் மேற்கொண்டு செல்லவும், மிகுநீர் புத்தூர்க் கலிங்கைக் கடந்து குடமுருட்டி ஆறாய்க் காவிரியில் சேரவும் செய்த ஏற்பாட்டில், நீரைக் கொணர்வதும் நீரை அகற்றுவதும் ஒரே காரியத்தின் இரு பாதிகளாகக் கருதப்பட்டன.

திருச்சிராப்பள்ளியில் நகரசபை 1866-ல் ஏற்பட்ட அந்நூற்றாண்டில் அந்நகரின் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு ரோடுகள் உண்டாயின. நகரம் விரிய விரிய, வயலும் பள்ளமுமாயிருந்த பூமி மனைகளாயிற்று. 2005 நவம்பரில் கோரையாறு கரைமீறியபோது, கருமண்டபம் போன்ற புதிய குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது.

மண்ணாயிருந்த நிலம் மழையின் ஒரு பங்கை உறிஞ்சி, எஞ்சியதை மெல்ல விடுத்து வந்தது. அதன்மேல் கூரையும் தார்ச்சாலையும் பரவியபின் அவ்வளவு நீரும் ஒரே நாழிகையில் தாழ்நிலத்தை நாடுகிறது. தன் மனையை மட்டும் மண்ணிட்டு உயர்த்துகிறவன் தன் வெள்ளத்தை அண்டைவீட்டுக்கு அனுப்புகிறானேயன்றி அகற்றுகிறானில்லை. ஆகையால் மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்குமுன், அந்நிலத்தின் மட்டத்தை அளந்து, அதனூடே செல்லும் வாய்க்கால்களைப் பழைய அகலத்தோடு குறித்து, மிகத் தாழ்ந்த பகுதியைக் குளமாக ஒதுக்கி, அங்கே தங்கிய நீர் சிறுகச்சிறுக ஆற்றை அடைய வழி செய்தல் வேண்டும். கோயில் கட்டியவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் கடைப்பிடித்த இந்த ஒழுங்கை, வீடு கட்டும் நாமும் சட்டத்துக்கு அஞ்சியன்றி தர்மமென்று கொள்வோமாயின், காவிரிக்கரையில் வாழும் உரிமைக்கு நாம் உகந்தவர்களாவோம்.