தந்தை பெயரில் ஏரி, மகன் பெயரில் குளம்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பானைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் ஊருக்கு அத்தனை பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் பிரதமர் இந்தச் சுவரைத்தான் சொன்னார். பெருமைதான். ஆனால் அந்தப் புகழில் ஊர் ஏரி மறைந்துபோனதில் எனக்கு ஒரு குறை.

பழைய கல்வெட்டுகளில் அதற்கு வயிரமேக தடாகம் என்று பெயர். வயிரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர் என்பார்கள் ஆய்வாளர்கள் பலர். கடல் இங்கிருந்து கிழக்கே 40 கிலோமீட்டருக்கு மேல். ஏரிக்கரையில் நின்றால் உப்புக்காற்று அடிக்காது, நெல்வயல்தான் தெரியும். கடலோடிய பல்லவருக்கும் இந்த வண்டலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் என்னோடு தாய்லாந்து வரை வர வேண்டும்.

தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது தக்குவாபா. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உடைந்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சில வரிகள்தான், அத்தனையும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ். நங்கூருடையான் ஒருவன் ‘தொட்ட’ குளம், அதன் பெயர் அவனிநாரணம் என்கிறது அது. தொட்ட என்றால் கைபட்ட என்று எண்ணிவிடாதீர்கள். தோண்டிய என்று பொருள். அவனிநாரணன் யார்? தெள்ளாறு எறிந்த மூன்றாம் நந்திவர்மன். தந்திவர்மனின் மகன்!

போன இடத்தில் தமிழர்கள் கிடங்கு கட்டியதோடு நின்றிருக்கலாம். குளம் வெட்டினார்கள். ஊரில் பழகிய கை அல்லவா? வெட்டி, மன்னன் பெயரை வைத்து, மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலானோருக்கு ‘அடைக்கலம்’ என்றும் கல்லில் பொறித்தார்கள். மணிக்கிராமம் வணிகர் குழு, சேனாமுகம் படையினர். வெட்டியவன் கப்பலேறிவிட்டாலும் குளம் தூர்ந்துவிடக் கூடாதே!

இங்கே உத்திரமேரூரில் அந்தப் பொறுப்பு ஏரி வாரியத்துக்கு. ஆறு பேர், 360 நாள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியத்தோடு இந்த ஆறு பேரையும் தேர்ந்தெடுக்கத்தான் 30 குடும்புகளிலிருந்தும், அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்தும், ஓலை எழுதிப் பானையில் போட்டார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் ஓலை பானைக்குள் போகாது. அவருடைய சிற்றன்னை மகன், பெரியன்னை மகன் ஓலையும் போகாது.