ஹும்பாபாவின் முறையீடு

புராணங்களையும் காவியங்களையும் கேட்டு வளர்ந்த நமக்கு, வீரன் யார், அரக்கன் யார் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. கதை தொடங்கும்போதே அது தீர்மானமாகிவிடுகிறது. வீரனுக்குத் தாயுண்டு, நண்பனுண்டு, கனவும் கவலையும் உண்டு. அரக்கனுக்கோ கோரைப் பற்களும் குகையும் மாத்திரமே. அவன் வீழ்ந்ததும் அறம் வென்றது என்று கூறி நாம் மனநிறைவு கொள்கிறோம். ஆனால் மனித குலத்திற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய காவியங்களுள் ஒன்று, இந்த மனநிறைவை நமக்கு எளிதில் தர மறுக்கிறது. அதுதான் மெசொப்பொத்தேமியாவின் கில்கமேஷ் காவியம்.

இக்காவியம் உலகிற்கு மீண்டும் கிடைத்த வரலாறே ஒரு காவியம் போன்றது. அசிரிய மன்னன் அசுர்பனிபால், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவே நகரில் களிமண் பலகைகளாலான பெரும் நூலகம் ஒன்றை வைத்திருந்தான். கி.மு. 612இல் அந்நகரம் வீழ்ந்தபோது நூலகமும் மண்ணுள் புதையுண்டது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஒஸ்டின் ஹென்றி லெயார்டும் மொசூல் நகரில் பிறந்த ஹோர்முஸ்ட் ரஸ்ஸாமும் அப்பலகைகளை அகழ்ந்தெடுத்தனர். அவை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையைச் சென்றடைந்தன.

அங்கே அவற்றை வாசித்தவர் ஜோர்ஜ் ஸ்மித். பதினான்கு வயதோடு பள்ளிப்படிப்பை நிறுத்தி, நாணயத்தாள் அச்சுக்கான செதுக்குவேலை பழகியவர். தாமாகவே ஆப்பெழுத்தைக் கற்றுத் தேர்ந்த அவர், 1872 டிசெம்பர் 3ஆந் திகதி, பிரதமர் கிளாட்ஸ்டனும் அமர்ந்திருந்த அவையில், பைபிளின் நோவா கதையை ஒத்த வெள்ளக் கதையொன்று இப்பலகைகளில் இருப்பதை அறிவித்தார். குறைந்திருந்த பகுதியைத் தேடிவர ‘டெய்லி டெலிகிராப்’ பத்திரிகை ஆயிரம் கினி கொடுத்து அவரை நினிவேக்கு அனுப்பியது. பத்திரிகைத் துறையில் வாழ்ந்தவன் என்ற வகையில், ஒரு பழைய இலக்கியத்திற்காகச் செய்தித்தாள் ஒன்று இவ்வளவு பெருந்தொகையைச் செலவிட்டதை நான் வியப்போடு நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனிக் கதைக்கு வருவோம். கில்கமேஷ், ஊருக் நகரின் அரசன். மூன்றில் இரண்டு பங்கு தெய்வம், ஒரு பங்கு மனிதன். கதையின் தொடக்கத்தில் அவன் சொந்தக் குடிகளையே வருத்துகின்ற கொடுங்கோலன். மக்களின் முறையீட்டைக் கேட்ட தெய்வங்கள், அவனுக்கு இணையாக என்கிடு என்பவனைக் களிமண்ணிலிருந்து படைக்கின்றன. விலங்குகளோடு காட்டில் வளர்ந்த என்கிடு, கில்கமேஷோடு பொருதி, பின்னர் அவனது உயிர்த்தோழனாகிறான். அழியாப் புகழை விரும்பும் கில்கமேஷ், தேவதாருக் காட்டிற்குச் சென்று ஹும்பாபாவைக் கொல்லப் புறப்படுகிறான். நகரத்து முதியோர் தடுத்தும் அவன் கேட்கவில்லை.

ஹும்பாபா யார்? என்லில் என்ற பெருந்தெய்வத்தால் அக்காட்டைக் காக்க நியமிக்கப்பட்டவன். மனிதர் மரம் வெட்ட வராதபடி அச்சுறுத்துவதே அவனுக்கு இடப்பட்ட பணி. அவன் ஊருக் நகரைத் தாக்கியதாகக் காவியம் கூறவில்லை. வீரர்களே அவன் இருப்பிடத்தைத் தேடிப் போகிறார்கள். சூரியதேவன் ஷமாஷ் பதின்மூன்று காற்றுகளை ஏவி ஹும்பாபாவை அசையவிடாது செய்கிறான். சிறைப்பட்டவன் உயிர்ப்பிச்சை கேட்கிறான். அடிமையாக இருந்து மரங்களை வளர்த்துத் தருவதாகவும் கூறுகிறான். என்லிலின் செவிக்கு எட்டுமுன் கொன்றுவிடு என்று அவசரப்படுத்துகிறான் என்கிடு.

இதற்கும் முந்திய சுமேரிய வடிவத்தில் செய்தி இன்னும் கசப்பானது. அங்கே கில்கமேஷ் தன் சகோதரிமாரை மணமுடித்துத் தருவதாக ஆசைகாட்டி, காவலனின் பாதுகாப்பாக விளங்கும் ஒளிவலயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறான். எல்லாவற்றையும் நம்பிக் கொடுத்தவனை அடித்துக் கட்டுகிறான். பிறகு மனமிரங்கி விடுவிக்க நினைக்கும்போது, என்கிடு அவனது கழுத்தை அறுத்துவிடுகிறான். தலையைக் கண்ட என்லில் சினங்கொண்டு, அவனை உங்களோடு அமர்த்தி உணவும் நீரும் தந்திருக்க வேண்டாமா என்ற பொருளில் கேட்கிறான்.

ஈராக்கில் 2003ஆம் ஆண்டுப் போரின்போது பக்தாத் நூதனசாலை சூறையாடப்பட்டதையும், அதன்பின் தொல்லியல் மேடுகள் களவாகத் தோண்டப்பட்டதையும் நாம் அறிவோம். அவ்வாறு கள்ளச் சந்தைக்குப் போகவிருந்த பலகைகள் சிலவற்றை, 2011இல் குர்திஸ்தானிலுள்ள சுலைமானியா நூதனசாலை விலைகொடுத்து வாங்கியது. அவற்றுள் ஒன்றில் தேவதாருக் காட்டுப் பகுதியின் அதுவரை அறியப்படாத சுமார் இருபது வரிகள் இருந்தன. பரூக் அல்-ராவி, அன்ட்ரூ ஜோர்ஜ் ஆகிய அறிஞர்கள் 2014இல் அவற்றை வெளியிட்டனர்.

அந்த வரிகளில் காடு இசையால் நிறைந்திருக்கிறது. பறவைகள் பாட, சிள்வண்டுகள் ஒலிக்க, குரங்குகள் கூவ, ஓர் அரசவையின் வாத்தியக் குழுபோல அவை நாள்தோறும் ஹும்பாபாவின் முன் இசைக்கின்றன. குகையில் உறுமும் அரக்கன் இங்கே ஓர் அரசனாகத் தோன்றுகிறான். என்கிடு இளமையில் அவனோடு பழகியவன் என்பதும் தெரிகிறது. கொலை முடிந்து மரங்களும் வீழ்ந்தபின், காட்டைப் பாழாக்கிவிட்டோமே, என்லிலுக்கு என்ன பதில் சொல்வோம் என்று என்கிடுவே கலங்குகிறான்.

வெட்டிய மரத்தில் என்லிலின் கோயிலுக்கென்று மாபெரும் கதவு செய்யப்படுகிறது. ஆனால் தெய்வங்கள் என்கிடுவுக்கு மரணத்தை விதிக்கின்றன. சாகுந் தறுவாயில் அவன் அந்தக் கதவையே சபிக்கிறான். நண்பனை இழந்த கில்கமேஷ் சாவில்லா வாழ்வைத் தேடி உலகெங்கும் அலைந்து, வெறுங்கையோடு ஊருக்குத் திரும்புகிறான்.

நமது மரபிலும் இதற்கு நிகரான கதையுண்டு. பாரதத்தில் கிருஷ்ணனும் அருச்சுனனும் அக்கினிக்கு இரையாகக் காண்டவ வனத்தைக் கொடுத்ததை வில்லிபுத்தூராரும் பாடியிருக்கிறார். உயிர்தப்பிய மயன் பாண்டவருக்கு மண்டபம் அமைத்தான். ஆனால் தப்பிய நாகம் கர்ணனின் அம்பேறி வந்தது. அருச்சுனனின் பேரன் பரீட்சித்து, தட்சகனின் நஞ்சினால் மாண்டான். காவிய ஆசிரியர்கள் கணக்கை மறப்பதில்லை.

தேவதாரு எதற்காக வேண்டப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது. மெசொப்பொத்தேமியச் சமவெளியில் பெருமரங்கள் இல்லை. கோயிலும் அரண்மனையும் கட்ட மன்னர்கள் தொலைவிலுள்ள மலைகளை நாடினர். கி.மு. 6ஆம் நூற்றாண்டளவில் பாபிலோனிய மன்னன் இரண்டாம் நெபுகத்நேசர் லெபனானின் வாடி பிரிசாப் பாறையில் பொறித்த சாசனம் இன்றும் உள்ளது. பகைவனை விரட்டி அம்மக்களுக்கு அமைதி தந்ததாக அவன் பெருமை பேசுகிறான். அதே சாசனத்தில், மலையைப் பிளந்து பாதை அமைத்துத் தேவதாரு மரங்களைக் கொண்டுசென்றதையும் கூறுகிறான். விடுதலையும் விறகும் ஒரே கல்லில்!

செய்தி மேசையில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு இந்த முறை புதியதன்று. முதலில் ஒருவனுடைய பெயர் மறைகிறது. அந்த இடத்தில் ஓர் அடைமொழி வருகிறது. பிறகு அவனுக்கு நேர்வது எதுவும் கொலையென்று எழுதப்படுவதில்லை. அவனுடைய காட்டின் மரங்கள் யாருடைய கதவாயின என்று கேட்பாருமில்லை.

ஆயினும் கில்கமேஷ் கதையைப் பாடியவர்கள் அரசனின் அவைக்காகப் பாடியபோதும் ஹும்பாபாவின் முறையீட்டை அழித்துவிடவில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கவிஞர்கள், வென்றவனின் புகழோடு தோற்றவனின் குரலையும் களிமண்ணில் பதித்தார்கள். இதைவிடப் பெரிய நீதிபோதனை எதுவும் அக்காவியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்று எழுதுகோல் பிடிப்போரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதானே?