சீறாவைப் பாடமாக்கிய மாணவர்

கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், "அதைப் படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அரபு மதறஸாவுக்கு அனுப்பும்போதும் உறவினர் இதையே கேட்டனர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. பிழைப்பைப் பற்றிய கவலை தவறன்று. ஆனால் அக்கேள்விக்கு ஒருவரின் வாழ்க்கையே விடையாக அமைந்த வரலாறு ஒன்று உண்டு. அவர் பேராசிரியர் மர்ஹூம் ம. மு. உவைஸ் அவர்கள்.

அன்னார் 1922ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் இலங்கையில் பாணந்துறையை அடுத்த ஹேனமுல்லையில் பிறந்தார். கொழும்புக்குத் தெற்கே கடலோரமாக உள்ள ஊர் பாணந்துறை. சுற்றிலும் சிங்களம் பேசும் மக்கள். இடையே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள். அத்தகைய சூழலில் தமிழ் வீட்டு மொழியாக நிலைத்திருப்பதே அரிது. அதை உயர்கல்விக்குரிய பொருளாக ஒரு முஸ்லிம் இளைஞர் தேர்ந்துகொள்வது அதனினும் அரிது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். முன்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். 'யாழ் நூல்' கண்ட பேரறிஞர். கிழக்கிலங்கையில் முஸ்லிம் ஊர்கள் சூழ்ந்த காரைதீவில் பிறந்தவர். இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த இத்துறவியின் மாணவராகவே உவைஸ் அவர்கள் தமிழ் பயின்றார். காவியுடுத்த ஆசானும் தொப்பியணிந்த சமூகத்து மாணவரும் ஒரு வகுப்பில் அமர்ந்து தமிழ் ஆய்ந்த காலம் அது. இன்று எண்ணிப் பார்க்கையில் நமக்கு ஏக்கமே மிகுகிறது.

கலைக் கல்வி அவருக்குச் செய்தது யாது? தொல்காப்பியமும் சங்க நூல்களும் காப்பியங்களும் யாப்பும் அணியும் கற்பித்தது என்று சொல்லிவிடலாம். அவை அவருடன் பயின்ற எல்லார்க்கும் கிடைத்தவை. கற்ற அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு, தம் வீட்டுப் பரணில் கிடந்த நூல்களின்பால் அவர் திரும்பினார். வளர்ச்சி அங்கேதான் தொடங்கியது.

அந்நாளில் சீறாப்புராணம் நம் மக்களிடையே ஓதப்பட்டது. உரை சொல்லிக் கேட்கப்பட்டது. நாகூரிலும் காயலிலும் கீழக்கரையிலும் அதை நெஞ்சில் வைத்திருந்த புலவர்கள் இருந்தனர். 1842இலேயே செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதை அச்சேற்றியிருந்தார்கள். ஆயினும் பல்கலைக்கழக வகுப்பறையில் அதற்குரிய இருக்கை இல்லை. ஓதுவோருக்கு அது பக்தி நூல். ஆய்வோருக்கோ அது கண்ணிற் படாத நூல். இவ்விரண்டுக்கும் இடையில் நின்றவர் உவைஸ்.

உமறுப் புலவர் அரபு நாட்டைப் பாடும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. மதறஸாவில் மட்டும் பயின்ற ஒருவர், "மக்காவில் வயல் ஏது?" என்று கேட்டு நூலை மூடிவிடக்கூடும். வயலைச் சுட்டி இதுவும் மற்றுமொரு தமிழ்க் காப்பியம் என்று எழுதிவிடுவார், தமிழ் மட்டும் பயின்றவர். நாட்டுப் படலமும் நகரப் படலமும் காப்பிய மரபு என்பதை அறிந்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் சொற்களின் பொருளையும் உணர்ந்தவருக்கே உமறு செய்த அருஞ்செயல் புலனாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை 5027 விருத்தங்களில், தமிழன் தன் மண்ணில் நின்று காணுமாறு புலவர் அமைத்துள்ளார். இலக்கணக் கல்வி ஈமானுக்கு எதிர் என்று அஞ்சுவோர் இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். மதறஸாவில் நாம் நஹ்வும் பலாகத்தும் கற்பது எதற்காக?

முதுகலைப் பட்டத்துக்காகத் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டையே அவர் ஆய்வுப் பொருளாக்கினார். 1951இல் நிறைவுற்ற அவ்வாய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. பரீட்சைக்கென எழுதியது ஒரு சமூகத்தின் இலக்கியக் கணக்கேடாயிற்று. பின்னர் ஸாஹிராக் கல்லூரியிலும், பௌத்த பிக்குகளின் கல்விக்கூடமாயிருந்து 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வித்தியாலங்காரத்திலும் தமிழ் கற்பித்தார். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது முஸ்லிம் காப்பியங்களை. மாணவப் பருவத்தில் எழுந்த கேள்வியை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

நாம் இதை எழுதும் ஆலத்தியூர்ப் பக்கத்து நிலம் சுண்ணாம்புக் கல் நிறைந்தது. சிமெண்ட் ஆலைக்கு வெட்டப்படும் அரியலூர் வட்டாரப் பாறைகளில் கல்லாய் இறுகிய கடற்சிப்பிகள் கிடைக்கின்றன. வெட்டுவோருக்கு அவை கல். நிலவியல் கற்றவருக்கு இங்கே கடல் இருந்ததன் சாட்சி. நம் பழைய நூல்களும் அவ்வாறே கிடந்தன. வடக்கே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. சீதக்காதிக்குப் பின் உமறுவை ஆதரித்துச் சீறாவைத் தொடரச் செய்த அபுல் காசிம் மரைக்காயர் வாழ்ந்த ஊர் அது. வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வாழும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதை அறிவர்? அரியலூரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் 1951 முதல் ஜமால் முகம்மது கல்லூரி இருக்கிறது. சேர்ந்து படிக்க இடமில்லை என்று சொல்வதற்கில்லை.

1973இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியபோது, ஆய்வுலகில் இத்துறைக்கு ஓர் உருவம் ஏற்பட்டது. 1979இல் மாநாடு கொழும்பில் கூடியது. அதே காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை நிறுவி, உவைஸ் அவர்களை அழைத்தது. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானதான ஆயிரமசலா 1572இல் அரங்கேறிய மதுரைக்கே, நானூறு ஆண்டு கழித்து அவ்விலக்கியத்தின் முதற் பேராசிரியராக அவர் வந்து சேர்ந்தார்.

அங்கே பேராசிரியர் பீ. மு. அஜ்மல்கான் அவர்களோடு சேர்ந்து அவர் எழுதத் தொடங்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு ஆறு தொகுதிகளாக விரிந்தது. மசலா, நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து, படைப்போர் என நம் பாட்டிமார் வாயில் வழங்கிய சிற்றிலக்கியங்களுக்கும் அதில் இடம் உண்டு. 1996இல் அன்னார் மறைந்தார். அத்தொகுதிகளைத் தேடி நூலகங்களுக்குச் செல்லும் மாணவர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களுள் பலர் முஸ்லிமல்லாதார்.