யாரிடம் சொன்ன சொல்? கணினிப் பதிவேட்டின் தீவிர நிலைகள் குறித்து

தொலைபேசியில் அழைப்பவர் தம்மை ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் ஊழியராக அறிமுகப்படுத்திக்கொள்வார். விண்டோஸ் கணினியில் ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் பகுதியைத் திறக்கச் சொல்வார். அங்கே சிவப்புக் குறியுடன் ‘எரர்’ என்றும் மஞ்சள் முக்கோணத்துடன் ‘வார்னிங்’ என்றும் பதிவுகள் வரிசையாகத் தெரியும். “பார்த்தீர்களா, உங்கள் கணினி முழுவதும் வைரஸ்” என்பார். சரிசெய்யக் கட்டணம் கேட்பார். தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் நடந்த இத்தகைய மோசடிகள்மீது அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2012 அக்டோபரில் ஆறு வழக்குகளை அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை என்றும் சொன்னது.

அந்தத் திரையில் இருந்த எந்தச் சொல்லும் பொய்யன்று. நல்ல நிலையில் உள்ள கணினியும் நாள்தோறும் அப்படிப்பட்ட பதிவுகளை எழுதிக்கொண்டுதான் இருக்கும்: ஒரு சேவை தொடங்கத் தாமதமாயிற்று, ஒரு சாதனம் உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்பன போல. நிரலாளர் கணினி நிருவாகிக்கென எழுதிவைத்த சொல்லைத் தொடர்பில்லாத ஒருவருக்குப் படித்துக் காட்டியதே அங்கு நடந்த ஏமாற்று. மொழியியல் மாணவனாக இந்தத் தீவிர நிலைகளின் வரலாறு என்னை ஈர்த்ததும் இந்த இடத்தில்தான். தீவிரம் என்பது நிகழ்ச்சியின் இயல்பா, அல்லது எழுதியவர் படிப்பவரை நோக்கிச் சொல்லும் கூற்றா? இச்சொற்கள் வந்த வழியைப் பார்த்தால் இரண்டாவது விடைக்கே சான்று மிகுதி.

தொடக்கத்தில் கேட்பவர் மனிதரே அல்லர். 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் ஒரு நிரல் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். வழக்கப்படி 0 என்றால் குறையில்லை, 4 எச்சரிக்கை, 8 பிழை, 12 கடும்பிழை, 16 மேற்கொண்டு நகர முடியாத நிலை. ஏன் நான்கு நான்காக? அந்தக் கணினியில் கிளைபிரியும் கட்டளை ஒன்றின் நீளம் 4 பைட். முடிவு எண்ணை அப்படியே முகவரியுடன் கூட்டினால் கட்டளை அட்டவணையின் உரிய வரிக்குப் போய்விடலாம். இடையில் வேறு கணக்குத் தேவையில்லை. தீவிரத்தை அளக்க எழுந்த ஆரம்பகால அளவுகோல்களுள் ஒன்றின் கோடுகள் இப்படிக் கட்டளையின் நீளத்தை ஒட்டி வரையப்பட்டன. அந்த எண்ணைப் படிப்பது வேலைவரிசையின் அடுத்த படி: முந்தையது 4ஐத் தாண்டியிருந்தால் ஓடவேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977இல் வாக்ஸ் கணினியோடு அறிவித்த வி.எம்.எஸ். இயங்குதளத்தில் அதே சொல் இருவரை நோக்கிப் பேசத் தொடங்கியது. ஒவ்வொரு நிலை எண்ணிலும் கடைசி மூன்று பிட்டுகள் தீவிரத்துக்குரியவை: 0 எச்சரிக்கை, 1 வெற்றி, 2 பிழை, 3 தகவல், 4 கடும்பிழை. முதலில் இவ்வரிசை தாறுமாறாகத் தோன்றும். ஒற்றைப்படை எல்லாம் நலம், இரட்டைப்படை எல்லாம் கேடு என்று அறிந்ததும் ஒழுங்கு புலப்படும். நிரல் ஒரே ஒரு பிட்டைப் பார்த்தால் போதும். மனிதருக்கோ அதே மதிப்பு எஸ், ஐ, டபிள்யூ, இ, எஃப் என்னும் ஓரெழுத்தாகத் திரையில் தெரியும். பேசும் உறுப்பின் பெயரை அடுத்து அவ்வெழுத்து நிற்கும். வினைப்பகுதியை அடுத்து விகுதி நின்று பால் காட்டுவதைப் போன்ற அமைப்பு இது. (ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன்.) வி.எம்.எஸ். வடிவமைப்பில் முன்னின்ற டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றார். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யின் நிலை எண்களிலும் மேல் இரண்டு பிட்டுகள் வெற்றி, தகவல், எச்சரிக்கை, பிழை என்னும் நான்கைக் குறித்தன. மோசடிக்காரர் திறக்கச் சொல்லும் திரை இந்தக் குடும்பத்தில் பிறந்தது.

யுனிக்ஸ் மரபு வேறு. பெர்க்லியில் எரிக் ஆல்மன் 1980களில் ‘சென்ட்மெயில்’ என்னும் அஞ்சல் நிரலுக்குத் துணையாக ‘சிஸ்லாக்’ என்பதை உருவாக்கினார். பல நிரல்கள் பயன்படுத்தத் தொடங்க, அது பொதுப் பதிவேடாயிற்று. இன்று நிலைபெற்றுள்ள எட்டு நிலைகள் எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்னிங், நோட்டீஸ், இன்ஃபர்மேஷனல், டீபக் என்பன. மேலிருந்து 0 முதல் 7 வரை. பேசும் உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. அதை எட்டால் பெருக்கித் தீவிரத்தைக் கூட்டிச் செய்தியின் தலையில் வைப்பார்கள். 34 என்று வந்தால், உள்நுழைவைச் சரிபார்க்கும் 4ஆம் உறுப்பு 2ஆம் நிலையில் பேசுகிறது என்று பொருள். நெடுநாள் எழுதாத வழக்காகவே இருந்த இம்முறையை, உள்ளது உள்ளபடி விவரித்து 2001இல் ஆர்.எஃப்.சி. 3164 வந்தது, 2009இல் ஆர்.எஃப்.சி. 5424 அதைத் தரமுறையாக்கியது.

அந்த ஆவணங்கள் தரும் விளக்கங்களை ஒரு சொற்பொருளியலாளர் படித்தால் புன்னகைக்காமல் இருக்க முடியாது. எமர்ஜென்சி என்றால் கணினி பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளது. இது நிலைமையின் வருணனை. அலர்ட் என்றால் உடனே செயல்பட வேண்டும். இது படிப்பவருக்கு இடும் ஏவல். கிரிட்டிக்கல் என்றால் கிரிட்டிக்கலான நிலைமை, எரர் என்றால் எரரான நிலைமை. சொல்லுக்கு அதே சொல் பொருள். டீபக் என்றால் பிழைதேடுவோருக்கான செய்தி. இங்கே குறிக்கப்படுவது படிப்பவர் யார் என்பது. என்ன நேர்ந்தது, என்ன செய், யார் படிக்க என்னும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒரே ஏணியின் படிகளாக அடித்திருக்கிறார்கள். எமர்ஜென்சி பெரிதா அலர்ட் பெரிதா என்று புதியவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

சொற்களிலேயே தீவிரம் உறைந்திருக்கிறது என்போருக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிறக்குறியீட்டைக் காட்டலாம். அங்கே ஆரஞ்சு ‘அலர்ட்’, ஆயத்தமாக இரு என்று பொருள். சிவப்பு ‘வார்னிங்’, செயலில் இறங்கு என்று பொருள். சிஸ்லாக்கிலோ அலர்ட் வார்னிங்கைவிட மூன்று படி மேலே. நம் செய்தித்தாள்கள் சிவப்பையும் ‘ரெட் அலர்ட்’ என்றே எழுதுகின்றன. தமிழில் இரண்டுக்கும் பெரும்பாலும் ‘எச்சரிக்கை’ ஒன்றே.

2009இன் தரமுறை ஆவணமே இதை மறைக்கவில்லை. தீவிரம் என்பது மிகவும் அகவயமானது. அனுப்புவோர் அனைவரும் ஒரே பொருளில் அதை ஆள்கிறார்கள் என்று பெறுபவர் கருதக் கூடாது என அதன் பின்னிணைப்பு சொல்கிறது. அளவுகோலை நிறுவும் ஆவணமே இப்படி ஒப்புக்கொள்வதை நான் அதன் நேர்மையாகவே கொள்கிறேன்.

சொல் இருந்தும் கேட்பவர் இல்லாமற்போவதன் விலை 2012 ஆகஸ்ட் 1 அன்று தெரிந்தது. அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிட்டல் தன் எட்டுச் சேவையகங்களுள் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றியிருந்தது. எட்டாவதில் ‘பவர் பெக்’ என்னும் கைவிடப்பட்ட பழைய நிரல் உயிர்த்தெழுந்தது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் அந்நிறுவனம் ஏற்ற நிலைகளால் நேர்ந்த இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். பின்னர் அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவில் ஒரு செய்தி உண்டு. அன்று காலை 9:30க்குச் சந்தை திறக்கும் முன்னரே, பவர் பெக்கைப் பெயர் சொல்லிப் பிழை காட்டும் 97 மின்னஞ்சல்களை அக்கணினி ஊழியர் குழுவுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல. வந்தவுடன் அவற்றைப் படிக்கும் வழக்கமும் அங்கு இல்லை. மோசடிக்காரரின் திரையில் நடந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் இது: அங்கே தனக்கல்லாத சொல்லைக் கேட்டு ஒருவர் அஞ்சினார், இங்கே தமக்கு வந்த சொல்லை எவரும் கேட்கவில்லை.

நிலைகளைக் குறைத்துவிடலாம் என்பது நிரலாளர்களிடையே அவ்வப்போது எழும் குரல். கோ மொழி வட்டத்தில் அறியப்பட்ட டேவ் செனி 2015இல் எழுதிய கட்டுரையில் எச்சரிக்கை நிலையே தேவையில்லை என்றார். எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதே அதன் வரையறை, ஆகவே அதை யாரும் படிப்பதில்லை என்பது அவர் வாதம். நிரலை ஆக்குபவருக்கு ஒன்று, பயன்படுத்துபவருக்கு ஒன்று என இரண்டே போதும் என்றார். கவனித்தால், அவர் மிச்சம் வைத்த இரண்டும் தீவிரத்தைச் சுட்டவில்லை, கேட்பவரைச் சுட்டுகின்றன. ஆயினும் 2023இல் கோ 1.21 பதிப்போடு அம்மொழியின் அடிப்படை நூலகத்தில் சேர்ந்த ‘எஸ்லாக்’ என்னும் பதிவுக் கருவி எச்சரிக்கையைக் கைவிடவில்லை. அதன் நிலைகள் நான்கு: டீபக் −4, இன்ஃபோ 0, வார்ன் 4, எரர் 8. ஐ.பி.எம். எண்கள் ஏறக்குறைய அப்படியே திரும்பியிருக்கின்றன. இம்முறை நான்கின் இடைவெளிக்குக் கட்டளையின் நீளம் காரணமன்று. அவரவர் தமக்கு வேண்டிய நிலைகளை இடையில் செருகிக்கொள்ளட்டும் என்று விட்ட இடம் அது.